சென்சாருக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை லீவு முடிந்து வந்த காலை ஷிஃப்டில், தகடு அழுத்தும் என் பிரஸ் மெஷின் ஓட மறுத்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சூப்பர்வைசர் புருஷோத்தமன் வந்தார், மெஷினின் அம்மாவைத் திட்டினார், சென்சாரை அணைக்கும் பைபாஸ் சாவியைத் திருகினார்.

"சென்சார் பூட்ச்சி. மெயின்டனன்ஸ் ஆளு மதியந்தான் வருவான். நீ ஓட்டு ரஞ்சனி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை உள்ளே போனால் மேலிருந்து இறங்கும் இரும்பை நிறுத்துவது அந்த சென்சார் ஒன்றுதான். அதை நம்பித்தான் இந்த மெஷினில் நிற்கவே ஒத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கீபோர்டு வாசிப்பில் எட்டாம் கிரேடு பரீட்சை. தேறிவிட்டால் மணிமங்கலத்தில் சொந்தமாக கிளாஸ் ஆரம்பிப்பேன். இந்த ஆள் மூஞ்சியில் முழிக்க வேண்டாம். அதற்குப் பத்து விரலும் வேண்டும்.

"ஓட்ட மாட்டேன் சார்."

"உன் ஒருத்திக்கோசரம் லைனே நிக்கணுமா? வெளிய அனுப்பிச்சிடுவேன்."

"அனுப்புங்க. விரலோட போறேன்."

பக்கத்து மெஷின் மரகதம் அக்கா கெக்கலித்தாள். "அடேங்கப்பா, கச்சேரிக்காரி! நாங்க மட்டும் விரலை வூட்ல வெச்சிட்டா வர்றோம்? தள்ளுடி, நா ஓட்றேன். உன்னால எல்லாரும் ஓ.டி. நிக்கணுமா?"

லைனில் ஒரு ஜென்மம்கூட எனக்காக வாய் திறக்கவில்லை. அவள் பெடலை மிதிக்க ஆரம்பித்தாள். எக்கேடாவது கெட்டுப் போ என்று ஒதுங்கி நின்றேன்.

அப்போதுதான் பார்த்தேன். சென்சாரின் கண்ணாடிப் பட்டையில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். சென்சார் கெடவே இல்லை, பொட்டு அதன் கண்ணை மறைத்திருந்தது. பூஜையன்று வைத்தவள் நானேதான். என் விரலைக் காப்பாற்றும் சாமி என்று அதற்கு மட்டும் பெரிய பொட்டாக வைத்தேன். அறிவு கெட்டவள்!

எமர்ஜென்சி பட்டனை ஓங்கி அடித்தேன். மெஷின் நின்றது.

"இன்னாடி, லூசா நீ?" மரகதம் கத்தினாள்.

"பொட்டு வெச்சு கெடுத்தது நான்தான். இப்ப திட்டுங்க."

திட்டினார்கள், ஒரு குறையும் வைக்காமல். நான் துப்பட்டாவை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். பைபாஸ் சாவியைத் திருப்பி உருவினேன். பச்சை விளக்கு எரிந்தது.

"சாவியக் குடு," என்றார் புருஷோத்தமன்.

"மேனேஜர் கையிலதான் குடுப்பேன்."

"திமிரப் பாரேன்," என்று என்னை முறைத்துக்கொண்டே மரகதம் தகட்டைப் போட்டாள், பெடலை மிதித்தாள். தகடு கோணியது. பழக்க தோஷத்தில் சட்டென்று கையை உள்ளே விட்டாள்.

இரும்பு பாதியில் நின்றது. அதற்கும் அவள் விரல்களுக்கும் ஒரு சாண் இடைவெளி.

புருஷோத்தமன் வாட்சைப் பார்த்துவிட்டு, "சரி சரி, நின்னது போதும், ஓட்டுங்க," என்றார். அந்த ஆளை அறைந்திருப்பேன்.

மரகதம் கையை வெளியே எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம இன்னா பாட்டுடி வாசிக்கப் போற?"