மறுபக்கம் சுற்றிய ஓடு

தண்ணீர் பாட்டில் கடைக்கு வந்த நாளிலிருந்து நத்தையக்காவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை என்பதில் தெருவுக்குள் இரண்டு கருத்து கிடையாது. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் வேண்டும். கேட்டால் அவளே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். இருபத்தாறு வருஷமாக ஒரு சிறுவர் இதழில், தபால் பை மாட்டிக்கொண்டு கடிதம் கொடுக்கப் போகும் நத்தையை வரைந்துவருகிறாள். அது ஒரு தெருவைக் கடக்க நாலு வாரம் ஆகும். வாசகர்களும் பொறுத்துப் பழகிவிட்டார்கள்.

இப்போது பாட்டிலின் மேல் அதே நத்தை. அதே பை, அதே தூக்கக் கண். கம்பெனி அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். மாடிவீட்டுப் பெண்குழந்தை படியில் மறித்து, "அத்தை, நீங்க பாட்டிலப் பாத்துத்தான் வரையிறீங்களா?" என்று கேட்டபோதுதான் அவளுக்குச் சோறு இறங்காமல் போனது.

நத்தைக் கதைகளைப் புத்தகமாகப் போடுவதாக இருந்த பதிப்பாளரும் பின்வாங்கினார். "நத்தை உங்களோடதுன்னு முதல்ல முடிவாகட்டும்மா. அப்புறம் அச்சுக்குப் போகலாம்."

ஆக, சொந்த நத்தையைத் தன்னுடையது என்று நிரூபிக்க அவள் வக்கீலம்மாவிடம் போய் உட்கார வேண்டியதாயிற்று. கம்பெனியின் பதிலை வக்கீலம்மா வாசித்துக் காட்டினார். எங்கள் ஓவியர் உங்கள் தொடரைப் பார்த்ததே இல்லை. நத்தை என்றால் நத்தை மாதிரிதான் இருக்கும். தவிர, எங்கள் நத்தையின் ஓடு எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.

"நீங்க குடுத்த பழைய இதழ் எல்லாம் புரட்டிட்டேன்," என்றார் வக்கீலம்மா. "உங்க ஓடு எப்பவும் ஒரே பக்கம்தான் சுத்துது. எப்பவாவது இந்தப் பக்கமா வரைஞ்சிருக்கீங்களா?"

"நானா? இப்படிச் சுத்துற ஓட்ட என் கை போடுமா?"

பெருமையாகச் சொல்லிவிட்டாள். சொன்ன மறுநிமிஷமே பழசு ஒன்று நினைவுக்கு வந்தது. அவள் வரையவில்லைதான். ஆனால் ஒருமுறை அச்சாகியிருந்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், நத்தை வரையக் கற்றுக்கொடுக்கும் பக்கம் ஒன்று வந்தது. ஐந்து கட்டம், கடைசியில் பையும் தூக்கக் கண்ணுமாக முழு நத்தை. அப்போதெல்லாம் படங்களை வெட்டி, அட்டையில் பசை தடவி ஒட்டித்தான் பக்கம் தயாராகும். ஒட்டுகிற வேலை அவளுடைய அக்கா வீட்டுக்காரருக்கு. கடைசிக் கட்டத்து ஓட்டின் மேல் அவர் பசை டப்பாவைக் கவிழ்த்துவிட்டார். கொழுந்தியாளைக் கூப்பிட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பயந்து, மெல்லிய தாளில் ஓட்டை மட்டும் தானே நகலெடுத்தார். அவசரத்தில் தாளைப் புரட்டி ஒட்டினார். ஓடு எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டது. உடம்போடு கோடு சேராத இடத்தில் பேனாவால் ஒரு இழுப்பு இழுத்தார். அங்கே கொசு கடித்தாற்போல ஒரு புடைப்பு.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் தப்பான நத்தையக் கத்துக்குடுத்துட்டீங்களே!" அதுதான் அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது. கையோடு தன் தொகுப்பிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். இதழ் அலுவலகத்தில் இருந்த பிரதிகளைக் கரையான் பார்த்துக்கொண்டது. அக்கா வீட்டுக்கு ஞாயிறு தவறாமல் போவாள். அத்தானும் அதே அறையில்தான் இருப்பார். "அக்கா, ஃபேனைக் குறைக்கச் சொல்லு." "குறைச்சாச்சுன்னு சொல்லு." நடுவில் இருந்த அக்காவுக்குத் தபால் பை ஒன்றுதான் குறை.

இந்தமுறை புதன்கிழமையே போய் நின்றாள். அக்கா பதறிவிட்டாள்.

"யாருக்கு என்னடி ஆச்சு?"

"உன் வீட்டுக்காரர்கிட்ட கேளு, அந்த நத்தைப் பக்கம்..."

"ரெண்டடி தூரத்துல உக்காந்திருக்காரு. நீயே கேட்டுக்கோ. எனக்குத் தொண்டை வறண்டுபோச்சு."

வேறு வழியில்லை. "அத்தான், அந்த அட்டை... இருக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். "கொழுந்தியாளுக்கு வாய் வந்துடுச்சு போல," என்றபடி பரண்மேல் ஏறினார். செய்தித்தாளில் சுற்றிய அட்டையோடும், அச்சான இதழோடும் இறங்கினார். "தப்புதான். இருந்தாலும் நான் ஒட்டுனதாச்சே. தூக்கிப்போட மனசு வரல."

நத்தையக்கா பைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். அங்கேயும் அதே கொசுக்கடி, அதே இடத்தில். அட்டையையும் இதழையும் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுவாரம் வக்கீலம்மாவின் அறையில் கம்பெனி மேனேஜரும் ஓவியரும் வந்திருந்தார்கள். "நத்தைக்கு நத்தை ஒத்துப்போறது சகஜங்க," என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"கொசுக்கடியுமா?" என்று இதழை விரித்தார் வக்கீலம்மா.

ஓவியர் எட்டிப் பார்த்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். மேனேஜர் அவர் காலை மிதித்தும் பயனில்லை.

"இந்தப் பக்கமா! ஏழு வயசுல மளிகைப் பொட்டலம் பிரிச்சப்ப கிடைச்சுதும்மா. இந்த ஒரு தாள்தான், கீழ பேர்கூடக் கிழிஞ்சிருந்துச்சு. நத்தைன்னா எல்லாரும் இப்படித்தான் வரைவாங்கன்னு நினைச்சேன். நான் வரையக் கத்துக்கிட்டதே இதுலதான். உங்ககிட்டன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

அவனை உரித்துத் தொங்கவிடுவதற்கென்று நத்தையக்கா மூன்று நாளாக வசனம் தயாரித்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு, "கண்ணு நல்லா வந்திருக்குப்பா," என்றாள். "ஓட்டத்தான் மாத்தணும்."

இனிமேல் அவள் அனுமதியோடு, அவள் பேரைப் போட்டுத்தான் பாட்டில் வரும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. கடிதத்தைப் பார்த்த பதிப்பாளர் அன்றைக்கே அச்சகத்துக்குப் போன் போட்டார்.

புத்தகத்தின் சமர்ப்பணப் பக்கத்தைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு அவள் நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் உரக்கப் படித்தார். "நத்தையை எனக்கு மீட்டுத் தந்த அத்தானுக்கு, கையெடுத்துக் கும்பிட்டு..." பாதியில் நிறுத்தி இருமினார். "அது சரி. அந்தப் பக்கத்தையும் புத்தகத்துல சேக்கப் போறியாமே? ஓட்டத் திருத்திட்டுப் போடு, மானம் போகுது."

"ஒரு புள்ளிகூட மாத்த மாட்டேன்."

"தப்பான ஓடும்மா அது!"

"இருக்கட்டும். கீழ உங்க பேரும் வருது அத்தான்."

"ஐயோ, பேர் வேறயா!"

நாலு வீடு தள்ளிக் கேட்கும்படி இருவரும் கத்திக்கொண்டார்கள். அக்கா அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து நிம்மதியாகக் காப்பி குடித்தாள்.