முட்டைக்கு மதிப்பெண் போட்ட கதை

இப்போதெல்லாம் மனிதர்கள் எதையும் அளக்காமல் விடுவதில்லை. எத்தனை அடி நடந்தோம் என்று கைக்கடிகாரத்தைக் கேட்கிறார்கள், நன்றாகத் தூங்கினோமா என்று போனைக் கேட்கிறார்கள். அந்தப் பைத்தியம் கடைசியில் எங்கள் தெருவுக்கும் வந்தது. இங்கே எதிரெதிரே இரண்டு பூட்டுக் கம்பெனிகள். ஒன்று அண்ணனுடையது, மற்றது தம்பியுடையது. இரண்டிலும் யாருக்காவது புது யோசனை வந்தால் அவர் எழுந்த ஸ்டூலில் ஒரு முட்டை கிடக்கும். கோழி முட்டை அளவு, சாம்பல் நிறம். அவர்கள் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை.

அண்ணன் கம்பெனியில் முட்டை கிடந்தால் நேராக முதலாளி அறைக்குப் போகும். அவர் ஆம்லெட் போட்டுச் சாப்பிடுவார். தம்பி கம்பெனியில் நாலு பேர் கூடி வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார்கள். தேறாது என்றால் ஏன் தேறாது என்று உரியவரிடமே சொல்லிவிட்டுப் புதைப்பார்கள். தேறும் என்றால் முறைபோட்டு மடியில் வைத்து அடைகாப்பார்கள். முட்டை பொரிந்து குஞ்சு அலகில் ஒரு புதுப் பூட்டோடு வெளியே வரும். குஞ்சு பறந்துவிடும், பூட்டு தங்கிவிடும்.

அண்ணன் மகள் அப்பாவிடம்தான் வேலை பார்த்தாள். பூட்டினோமா இல்லையா என்று பாதி வழியில் சந்தேகப்பட்டுத் திரும்பி ஓடுகிறவர்களுக்காக, பூட்டியதும் சாவி நிறம் மாறுகிற பூட்டு ஒன்று அவளுக்குத் தோன்றியது. "ஞாபகம் இல்லாதவனுக்கு எதுக்குப் பூட்டு?" என்று கேட்டபடியே அவர் அவள் முட்டையை உடைத்து வாணலியில் ஊற்றினார். அடுத்த முட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அவள் எதிர்வாசலுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அண்ணனுக்கு வயிற்றெரிச்சல். மகள் அங்கே நுழைவதைத் தினமும் ஜன்னலில் நின்று பார்ப்பார். அவள் சித்தப்பா என்று கூப்பிடும் சத்தம் தெருவைத் தாண்டி வந்து சோற்றில் விழும். பல்லில் மணல்போலக் கடிபடும்.

அப்படி இரண்டு வருஷம் போனபோதுதான் தொழில் சங்கம் ஒரு அளவுக்காரியை அனுப்பியது. எந்தக் கம்பெனி புதுமையை எப்படி நடத்துகிறது என்று பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவாளாம். தம்பியை மிஞ்சிவிட்டால் மகள் தானாகத் திரும்புவாள் என்று அண்ணன் முடிவு கட்டினார். சந்தையிலிருந்து தட்டுத்தட்டாக முட்டை வாங்கிச் சாம்பல் பூசி ஸ்டூலுக்கு ஸ்டூல் வைத்தார். உட்கார இடமில்லாமல் ஆட்கள் நின்றுகொண்டே வேலை செய்தார்கள்.

வந்த அளவுக்காரி முட்டைகளை எண்ணவே இல்லை.

"இதுல எதையாவது வேண்டாம்னு சொன்னீங்களா சார்?"

"ஒண்ணையும் சொல்லல. எல்லாம் பத்திரமா இருக்கு."

"எது யாரோடது?"

"எல்லாம் என்னோடதுதாம்மா. கம்பெனி யாரோடது?"

டார்ச் அடித்துப் பார்த்தாள், ஒன்றிலும் உயிரில்லை. முதலாளி அறை அலமாரியில் இருந்த வாணலியையும் அதில் ஒட்டியிருந்த சாம்பல் நிற ஓட்டுத் துண்டையும் பார்த்தாள். தம்பிக்கு எழுபத்தொரு மதிப்பெண், அண்ணனுக்கு நாலு.

"நாலு மட்டும் எதுக்கு?"

"நீங்க தின்னுட்டே இருந்தும் இங்க ஆளுங்க முட்டை போடறாங்களே, அதுக்கு. அது அவங்க மார்க்கு சார்."

மறுநாள் அண்ணன் முதல்முறையாகத் தெருவைக் கடந்தார். தம்பி, "உள்ள வாண்ணே, ஏன் வெயில்ல நிக்கிற?" என்றார். அண்ணன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மகள் மடியில் முட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

"மார்க் குடுக்கறவ ஏமாத்துக்காரி. நம்ம பக்கம் வந்து வேலையப் பாரு."

"சத்தம் போடாதீங்கப்பா, உள்ள திரும்பிப் படுத்துக்கும். இதக் கொஞ்சம் பிடிங்க, டீ குடிச்சிட்டு வரேன்."

மறுப்பதற்குள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளிருந்து ஏதோ தட்டியது, நின்றது, மறுபடி தட்டியது. அவள் திரும்பி வரும்வரை அண்ணன் அசையவில்லை.

"கோழி முட்டைதான். வெயில்ல வச்சிருப்பீங்க, அதான் சூடு," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். தன் கேட் வரைக்கும் இரண்டு கையையும் குவித்தபடியேதான் போனார்.