ஆறாவது வீடு

"கழட்டுடா அந்தக் கையுறையை," என்றார் ஒன்னோ.

கல்லறைத் தோட்ட வாசலில் ஆறு பேர் வெள்ளைக் கையுறை மாட்டி வரிசையாக நின்றார்கள். ஒரு முகம்கூட ஊர் முகமில்லை. சவப்பெட்டி தூக்கக் கட்சி அனுப்பிய கூலியாட்கள்.

மாவட்டச் செயலாளர் லாமெர்ட் குறுக்கே வந்தான். "ஐயா, எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. பதினோரு மணிக்கு ஆரம்பிக்கணும். நிருபருங்க வந்துட்டாங்க."

"எங்க தெருவுல பக்கத்து வீட்டுக்காரன்தான் தூக்குவான். ஆறு வீடு, ஆறு ஆளு."

"சரி ஐயா. அந்த ஆறு பேரு எங்க?"

ஒன்னோ சுற்றிலும் பார்த்தார். கறுப்பு கார்கள், ஆளுயர மலர்வளையங்கள், நாடா நாடாவாகப் பெரிய மனிதர்களின் பெயர்கள். தெருவிலிருந்து ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. தம்பி பெண்டாட்டி தேடாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அடுத்த வீட்டு ஹின்ரிக்கிட்ட போய்ச் சாவைச் சொன்னியா இல்லையா?"

ஊர் வழக்கப்படி, செத்த அன்றைக்கே வீட்டு மனிதர் ஒருவர் அடுத்த வீட்டுக்கு நடந்து போய், தொப்பியைக் கழற்றி, வாயால் சொல்ல வேண்டும். அவன் அடுத்தவனுக்குச் சொல்வான். சொல்லாத சாவுக்கு எவனும் வரமாட்டான்.

தேடாவின் முகம் வெளுத்தது. "மூத்தவர் நீங்க போயிருப்பீங்கன்னு நெனச்சேன் மச்சான். கட்சிக்காரங்க பேப்பர்ல போட்டாச்சுன்னாங்க..."

"நான் எங்க போறது? உங்க வீட்டுப் படியையே ஒன்பது வருஷமா மிதிக்கல."

சொன்ன பிறகு அவருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. மணி பத்து. தொப்பியை அழுத்திக்கொண்டு நடந்தார்.

தம்பி ஐலர்ட் இருபத்து நாலு வயதில் ஊராட்சி மன்றத்துக்குப் போனவன். தீயணைப்பு நிலையம் அவன் கொண்டுவந்தது. மேயரான பிறகு அவன் சமையலறையில் எந்நேரமும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவனுக்கு வடிகால் வேண்டும், இன்னொருவனுக்கு மகனின் வேலை. எல்லோருக்கும் தேநீர் ஊற்றி, எல்லோருக்கும் தலையாட்டுவான். அப்புறம் மாநிலச் சட்டமன்றம், பத்தொன்பது வருஷம். அங்கே எதற்கெடுத்தாலும் கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினான். பக்கத்து ஊர் மருத்துவமனையை மூடும் தீர்மானத்துக்கும் தூக்கினான்.

"மடக்கி வச்சுக்கத் தெரியலையாடா அந்தக் கையை?" என்று ஒன்னோ கேட்டார்.

"கட்சி முடிவு அண்ணே. நான் ஒருத்தன் என்ன பண்ண?"

அன்றோடு பேச்சு நின்றது. அடுத்த தேர்தலில் கட்சி அவன் பெயரை வேட்பாளர் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டது. அதே கட்சிதான் இன்று ஆளுயர மலர்வளையம் வைத்திருக்கிறது.

ஹின்ரிக் தன் வீட்டு மேசையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மடித்த செய்தித்தாள். உடம்பில் கறுப்புக் கோட்டு.

"என்னடா, பேப்பர்ல வந்து மூணு நாளாச்சு. இப்பத்தான் உனக்கு வழி தெரிஞ்சுதா?"

ஒன்னோ தொப்பியைக் கழற்றினார். "ஹின்ரிக், என் தம்பி செத்துட்டான்."

"படிச்சேன்."

"படிச்சதெல்லாம் செல்லாது. நான் இப்ப சொல்றேன்."

ஹின்ரிக் கோப்பையை நகர்த்தினார். கற்கண்டு அடியில் கரையாமல் கிடந்தது. "என் கெசினாவ நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஆம்புலன்ஸ்ல கொண்டுபோனேன். பாதி வழியிலேயே மூச்சு நின்னுபோச்சு. பழைய ஆஸ்பத்திரி இருந்திருந்தா ஏழு நிமிஷம்டா. ஏழே நிமிஷம்."

"தெரியும். அவன் கோழைப் பய. அவனத் திட்டறதுன்னா வரிசையில நான்தான் முன்னாடி நிப்பேன். ஆனா வாடகைக்கு வந்தவன் தூக்கி அவன் போகக்கூடாது."

ஹின்ரிக் மடித்த செய்தித்தாளைத் தள்ளி வைத்தார்.

"கோட்டு கழுத்த இறுக்குது," என்று எழுந்தார். "விடிஞ்சதுலேருந்து மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், நாயே." அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.

ஐந்து பேர் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள். ஆறாவது வீடு ஒன்னோவுடையது. உடன்பிறந்தவன் தூக்கக்கூடாது என்பதால் அந்த இடத்துக்கு ஏழாவது வீட்டுக்காரன் வருவது வழக்கம். ஏழாவது வீட்டை நகரத்துக்காரன் ஒருவன் விடுமுறைக்கென்று வாங்கிப் பூட்டி வைத்திருந்தான்.

"நம்ம ஆள் ஒருத்தன்..." என்று லாமெர்ட் தொடங்கினான்.

"கிட்ட வந்தே, உன்னையும் சேத்துப் பொதச்சுடுவேன்."

ஒன்னோ போய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பற்றினார்.

"டேய், கூடப்பொறந்தவன் தூக்கக்கூடாது," என்றார் ஹின்ரிக்.

"ஒன்பது வருஷமா நான் கூடப்பொறந்தவனாவாடா இருந்தேன்? வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஆறாவது வீட்டுக்காரன். அவ்வளவுதான். நகரு."

ஹின்ரிக் நகர்ந்தார்.

குழிக்கரையில் லாமெர்ட் கால்மணி நேரம் பேசினான். பேச்சில் சைக்கிள் பாதை வந்தது, தீயணைப்பு நிலையம் வந்தது. மருத்துவமனை வரவேயில்லை. யாரோ ஒருவர் பலமாக மூக்கைச் சிந்தினார்.

பிறகு மூன்று கயிறுகளில் பெட்டியை இறக்கினார்கள். கால்மாட்டுக் கயிற்றின் ஒரு முனை ஹின்ரிக் கையில், மறுமுனை ஒன்னோ கையில். பெட்டி அடியைத் தொட்டது. மற்ற இரண்டு கயிறுகளையும் ஒரு முனையை விட்டு மேலே இழுத்துக்கொண்டார்கள்.

"விடுடா," என்றார் ஒன்னோ.

"நீ விடு."

இருவரும் விடாமல் பிடித்த ஈரக் கயிறு நடுவே குழிக்குள் இறங்கிக் கிடந்தது.