சந்தனம் வைத்த ட்ரில்

ஊஞ்சல் கொக்கி மாட்ட, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் ஓட்டை போட உட்கார்ந்த ராஜபாண்டிக்குக் காலையிலிருந்து கை காந்தியதுதான் மிச்சம். புகை வந்ததே தவிர ஓட்டை விழவில்லை. ட்ரில்லில் மாட்டிய துளையிடும் பிட்டுகள் ஒவ்வொன்றாய் மழுங்கின. இரும்பைத் திட்டினான், பிட்டு விற்ற கடைக்காரனைத் திட்டினான். கடைசியில் திட்டவும் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்தான்.

அப்போதுதான் மனைவி பாண்டிச்செல்வி வாயைத் திறந்தாள். "நேத்து ஆயுத பூசைக்கு ட்ரில்லுக்குப் பொட்டு வைக்கும்போது, அதோட சைடு சுவிட்சு நகந்துச்சுங்க."

ட்ரில்லில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினான். அடியிலிருந்த அம்புக்குறி பின்பக்கம் காட்டியது. இவ்வளவு நேரமும் பிட்டு எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறது.

சுவிட்சைத் தள்ளி, மிச்சமிருந்த புதுப் பிட்டை மாட்டி, எண்ணெய் விட்டு அழுத்தினான். இரும்பு சுருள்சுருளாய் வந்தது.

"இத அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க அம்புட்டையும் திட்டி முடிங்கன்னுதான் இருந்தேன்."