ஒன்பதாம் அத்தியாயம்

கிஸ்லேனும் நானும் மான்ட்ரியாலில்தான் நாவல் எழுதுகிறோம். அவள் பிரெஞ்சில், நான் ஆங்கிலத்தில். அவள் நாவல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருபவன் என் புருஷன் கார்டன். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. விருதெல்லாம் அவளுக்கே போவதால், அவள் எழுத்தைத் தொடுவதில்லை என்று வீம்பாக இருந்தேன். நேற்று கார்டன் வெளியே போனதும், கதவைச் சாத்திக்கொண்டு அவன் மொழிபெயர்ப்பைத் திறந்தேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் கணவன் மனைவியைச் சமையலறைச் சுவரோடு அழுத்திக் கழுத்தை நெரிக்கிறான். அவள் நகங்கள் அவன் மணிக்கட்டைக் கிழிக்கின்றன. தொண்டைக்குள் எலும்பு நொறுங்குகிறது. அதன் பிறகும் அவன் பிடி தளரவில்லை.

அந்தப் பிடி எனக்குத் தெரியும். எதையும் கையால் செய்து பார்த்துத்தான் கார்டன் எழுதுவான். சென்ற குளிர்காலத்தில், "கொஞ்சம் திரும்பி நில்லுடி, கிஸ்லேன் எழுதினது பிடிபடல" என்று என் கழுத்தைப் பிடித்தான். ஒரு வாரம் வீட்டுக்குள்ளும் மப்ளரோடு திரிந்தேன். இப்படியா எழுதித் தொலைப்பாள் என்று அந்தச் சண்டாளியைத்தான் திட்டினேன்.

அவன் மேசையிலிருந்த பிரெஞ்சு மூலத்தை எடுத்து அதே அத்தியாயத்தைப் படித்தேன். கணவன் கத்துகிறான். மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிப் போய்விடுகிறாள். அவன் விரல்கூட அவள்மேல் படவில்லை.

சாயங்காலம் கார்டன் சமையலறைக்குள் வந்தான். "கிஸ்லேனோட அடுத்த நாவல் வந்தாச்சு. இதுல ஒரு மாடிப்படி வருது. மேல்படியில வந்து நில்லேன், பாத்துக்கறேன்."

"முதல்ல நீ திரும்பி நில்லுடா," என்றேன். என் கையில் இரும்பு வாணலி இருந்தது.