நடுவில் உட்கார்ந்தவள்

பத்து நாளாக டெய்லர் கார் சாவியைத் தொடவில்லை. கடைக்குப் பஸ்ஸில் போய்வந்தார். குறுக்கே வந்த சைக்கிள்காரனுக்காக அவர் பிரேக்கை அழுத்திய அன்று, பின்னால் இரட்டைக் குழந்தைகளின் இரண்டு சீட்டுக்கும் நடுவே பெல்ட் போடாமல் சும்மா செருகி உட்கார வைத்திருந்த மூத்தவள், முன்னால் வந்து விழுந்தாள். உதட்டில் இரண்டு தையல். காலமெல்லாம் தையல் போட்டே பிழைத்த மனிதருக்கு, ஆறு வயது மகளின் உதட்டில் இருந்த அந்த இரண்டைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மூன்று பேருக்கும் மூன்று குழந்தை சீட், ஒரே வரிசையில். அது நுழையாத கார் வாசல் பக்கமே வரக்கூடாது என்று முடிவு கட்டினார். பழைய காரை மனைவியே ஓட்ட, மூத்தவள் முன் சீட்டில் அம்மாவின் பக்கத்தில் வர, ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினார்கள். கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்தவரைப் பார்த்து விற்பனையாளர்கள் வாய்க்குள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவருக்கு அளவு தெரியும், பயமும் தெரியும்.

நான்காவது இடத்தில் அளவு சேர்ந்தது. மூன்று சீட்டையும் வைத்த பிறகும் இரண்டு விரல் இடம் மிச்சம்.

"பாத்தியா? நான் வெட்டுன துணி மாதிரி உக்காந்திருக்கு," என்றார் மனைவியிடம்.

"ஒருதடவ ஓட்டிப் பாத்துடுங்க. அப்புறம் பெருமையடிச்சுக்கலாம்."

விற்பனையாளர் மூத்தவள் கையில் ஒரு மிட்டாயைத் திணித்து, சாவியை நீட்டினார். பத்து நாளுக்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்த டெய்லர் இரண்டாம் கியரைத் தாண்டவில்லை. மகள் பின்னாலிருந்து ஓயாமல் பேசினாள். கார் ஏன் புது வாசனை அடிக்கிறது, தம்பி ஏன் அவள் சட்டையைச் சப்புகிறான், பாப்பாவுக்கு ஏன் பல் இல்லை. வாயாடி என்று வீட்டில் சும்மா கூப்பிடவில்லை. ஒரு திருப்பத்தில் பேச்சு நின்றது. அப்பாடா என்று அவருக்கு ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது.

கண்ணாடியில் பார்த்தார். மகளின் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. இரண்டு கையும் கழுத்தில் இருந்தன.

காரை எப்படி ஓரம் கட்டினார் என்பது அவருக்கே தெரியாது. பின்கதவைத் திறந்து, சின்னவனின் சீட்டுக்கு மேல் குப்புற விழுந்து, பெல்ட்டின் பூட்டைத் தேடினார். பூட்டு அங்கேதான் இருந்தது, இரண்டு சீட்டும் நெருக்கிய இடுக்கில், அடியில். விரல் நுனி பட்டது, பட்டனை அழுத்த முடியவில்லை. பெல்ட்டை இழுத்தார். இழுக்க இழுக்க அது மகளை இன்னும் இறுக்கிப் பிடித்தது. சின்னவன் வீறிட்டான். மகளின் முகம் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

"ஏங்க, பூட்ட விடுங்க! முதுகுல தட்டுங்க!" மனைவி முன்சீட்டில் மண்டியிட்டு, மகளின் தலையைத் தன் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

அவர் மகளின் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே கையை நுழைத்து அடித்தார். பெற்ற பிள்ளையை அப்படி அடிப்போம் என்று அவர் நினைத்ததே இல்லை. ஐந்தாவது அடியில் மிட்டாய் மனைவியின் கையில் வந்து விழுந்தது. மகள் மூச்சை இழுத்தாள், பிறகு அழுதாள். பூட்டைத் திறக்க அதற்குப் பிறகும் வெகுநேரம் ஆயிற்று. விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

திரும்பி வந்ததும் விற்பனையாளர் ஓடிவந்தார். "மூணும் பக்காவா உக்காந்துச்சா சார்?"

"உக்காந்துச்சு. எந்திரிக்கத்தான் முடியல," என்றார் டெய்லர். டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார்.

மூலையில் பெட்டி மாதிரி ஒரு கார் நின்றது. அழகு என்று ஒன்றும் இல்லை. பின்னால் மூன்று தனித்தனி இருக்கை, ஒவ்வொன்றுக்கும் பூட்டு மேலே நிமிர்ந்து நின்றது. குழந்தை சீட் மூன்றையும் மாற்றி வைத்து, குழந்தைகளை உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டுப் பார்த்தார். ஒரே அழுத்தில் திறந்தது. மறுபடி பூட்டினார், மறுபடி திறந்தார். விற்பனையாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்பா, நான் பண்றேன்," என்றாள் மகள். தொண்டை இன்னும் கரகரத்தது. அவளே பூட்டி, அவளே திறந்தாள்.

"இதுதான் நம்ம கார்," என்றார் அவர். மனைவி தலையாட்டினாள்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். இந்த முறை மகள் வாயே திறக்கவில்லை. அவர் நொடிக்கொரு தரம் கண்ணாடியைப் பார்த்தார். சாலை கொஞ்சம் காலியானதும் வேகம் கூட்டினார். பின்னால் டக் என்று ஒரு சத்தம்.

அவர் ஓரமாக நிறுத்தித் திரும்பினார். பெல்ட் அவிழ்ந்து கிடந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டார்.

மகள் பூட்டின்மேல் கையை வைத்தபடியே சொன்னாள்: "தொறக்குதான்னு பாத்தேன்ப்பா."