ஒரே குளியல்

தனலெட்சுமி கதவைப் பாதி சாத்தினாள். புதுச்சட்டை போட்ட பிள்ளைகள் படியேறி வந்தால் அண்ணனின் பெட்டிதான் முதலில் கண்ணில் படும்.

"சாத்தாதீங்கக்கா," என்றார் சவ வண்டி டிரைவர். "நானும் எங்காளும்தான். தீபாவளி, மத்தவனெல்லாம் லீவு. நாலு மாடி இறக்கணும், இன்னும் நாலு பேர் வேணும்."

"தங்கச்சி மகன் ஈப்போலேர்ந்து நேரா சுடுகாட்டுக்கு வரான். இங்க..." அவள் எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தாள்.

கமலநாதன் நேற்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த நாற்காலியிலேயே போய்விட்டார். கல்யாணமாகாத அண்ணன், புருஷனை இழந்த தங்கை. இந்தக் கம்போங் மேடான் பிளாட்டில் இருபது வருஷமாக இரண்டே பேர். அப்போது எதிர்வீட்டில் விஷ்ணுப்ரியா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். எழவுச் சேதியோடு போய் நிற்கக் கால் வரவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துச் சாமி கும்பிட்டவனைப் பெட்டி தூக்க எப்படிக் கூப்பிடுவது?

"சுடுகாட்டுல பத்தரைக்கு டைம் குடுத்திருக்காங்கக்கா."

"நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

"நீங்களா? ரெண்டு பெட்டியா இறக்கச் சொல்றீங்களா?"

எதிர்க்கதவு திறந்தது. விஷ்ணுப்ரியாவின் புருஷன் லோகன், பழைய ஜெர்சியும் கைலியுமாக. தலை வறண்டு கலைந்து கிடந்தது. பின்னால் மேல்மாடி பழனியப்பன், மூன்றாம் மாடி ராஜன், மூச்சு வாங்கிக்கொண்டு கீழ்க்கடை மலாய்க்காரர் ரசாக்.

"என்னக்கா, நேத்து பெட்டிய மேல ஏத்தினத நாங்க பாக்க மாட்டோமா? நீங்க கதவச் சாத்திட்டீங்க. தட்டலாமா வேணாமான்னு எனக்கும் ப்ரியாவுக்கும் ஒரே சண்டை லா."

"குளிச்சிட்டியாப்பா?" அவளுக்கு அதுதான் வாயில் வந்தது.

"இல்லக்கா. இந்த பிளாக்ல யாரும் இன்னும் எண்ணெய் வைக்கல. எப்படியும் சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்து குளிக்கத்தானே போறோம்? ஒரே குளியலா போயிரும்."

"வருஷா வருஷம் வீட்டுக்காரி அஞ்சு மணிக்கே எழுப்பி விட்ருவா," என்றார் பழனியப்பன். "இன்னிக்குத்தான் ஏழு வரைக்கும் தூங்கினேன். கமலண்ணன் புண்ணியம்."

ரசாக் தன் வயிற்றைத் தட்டிக்காட்டி, "கீழ் பக்கம் நான். வெயிட் இருக்கு," என்றார் தமிழில்.

தனலெட்சுமி கதவை முழுசாகத் திறந்துவிட்டாள்.

ஒவ்வொரு படித் திருப்பத்திலும் லோகனின் குரல் கேட்டது. "மெல்ல... அண்ணன் தலை, அண்ணன் தலை."

அவர்கள் திரும்பி வரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. தனலெட்சுமி வீட்டைக் கழுவி முடித்து, குளிக்க வாளியைக் குழாயடியில் வைத்தாள். பிளாக் முழுக்க ஒரே நேரத்தில் குளித்ததில் தண்ணீர் நூலாகத்தான் இறங்கியது. மேலே எங்கோ, "எண்ணெ கண்ணுல போச்சுடி!" என்று பழனியப்பன் கத்தினார்.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு, வாளி நிறையட்டும் என்று உட்கார்ந்தாள்.